கல்லறைத் தரையும் கோட்டைச் சுவரும்: அம்ஸ்டர்டாம் பழைய கோயில் கலைக்கூடமான கதை

"கோயிலைக் கண்காட்சிக்குக் குடுத்துட்டாங்களா? அப்ப பூசையை எங்க மகன் வைக்கிறாங்க?"

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் எங்கள் கோயில் மூப்பர் ஐயா கேட்ட கேள்வி இது. ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைந்துவிட்டது. அவர் வாங்குகளை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டுத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். உயர்ந்த தூண்கள், நெடிய யன்னல்கள், நடுவில் வாங்கு எதுவும் இல்லாத அகன்ற கல் தரை. அம்ஸ்டர்டாம் நகரிலுள்ள அவுடெ கெர்க். ஒல்லாந்த மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள் 'பழைய கோயில்'. எங்களூர்க் கிறிஸ்தவர்கள் வீட்டுப் பேச்சில் தேவாலயம் என்பதில்லை, கோயில் என்றே சொல்வோம். அதனால் அந்தப் பெயர் எனக்கு முதல் நாளிலேயே நெருங்கிவிட்டது.

"ஞாயிறு பதினொரு மணிக்கு ஆராதனை இன்னும் நடக்குது ஐயா. மற்ற நேரத்தில டிக்கட் எடுத்துப் போய்ப் பாக்கலாம்" என்றேன். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப கோயில் ஆர்ர?" என்று கேட்டார்.

இதைவிடச் சரியான கேள்வியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. எண்ணூறு வருடக் கட்டடம் ஒன்று சமகாலக் கலைக்கான இடமாக மாறியதை, மக்கள் சாமி கும்பிடுவதை விட்டார்கள், கலைஞர்கள் உள்ளே வந்தார்கள் என்று இரண்டு வரியில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. அது முழு உண்மை இல்லை. அந்தக் கோயில் யாருடையது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நூற்றாண்டும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. கலை உள்ளே வந்த பாதை அந்த விடைகளுக்குள்தான் இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு கிளை எங்கள் வாவிக்கரைக்கும் வருகிறது.

முதலில் அது ஒரு மரக் கட்டடம். அம்ஸ்டெல் ஆற்றங்கரையில் ஊர்ச் சனம் பிரேதம் புதைத்த ஒரு மேட்டில், 1213 அளவில் எழுந்த சிறு ஆலயம். பிறகு கல்லால் கட்டினார்கள். 1306ல் ஊட்ரெக்ட் மறைமாவட்டத்தின் ஆயர் அதைப் புனித நிக்கலசின் பெயரில் அபிஷேகம் செய்தார். நிக்கலஸ் மாலுமிகளின் காவலர். கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் முதல் கோயில் எந்தப் புனிதரின் பெயரில் எழும் என்பதை மட்டக்களப்பு மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

அந்தக் கோயிலின் முகட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஐரோப்பாவில் மத்திய காலத்திலிருந்து மிஞ்சியிருக்கும் மர வளைவுக் கூரைகளில் இதுவே ஆகப் பெரியது என்பார்கள். பலகைகள் எஸ்தோனியாவிலிருந்து வந்தவை, 1390ஐச் சேர்ந்தவை. அண்ணாந்து பார்த்தால் ஒரு பெரிய வள்ளத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். அம்ஸ்டர்டாம் சேற்று நிலம். கல் முகடு போட்டால் பாரம் தாங்காது. கப்பல் கட்டும் ஊரில் மரவேலைக்கு ஆள் பஞ்சமில்லை. அந்தப் பலகைகளால் கோயிலுக்குள் ஒலி மிக நன்றாக எழும்பும். பிற்காலத்தில் அங்கே இசையும் ஒலிக் கலையும் வேரூன்றியதற்கு இந்த முகடும் ஒரு காரணம்.

ஊர் வளர வளரக் கோயிலும் வளர்ந்தது. தொழிற் கூட்டத்தாரும் வசதியான குடும்பங்களும் பக்கச் சிற்றாலயங்களைக் கட்டினார்கள். தங்கள் புனிதருக்குப் பீடம் வைத்தார்கள், சுரூபம் வைத்தார்கள், கண்ணாடி யன்னல் போட்டார்கள். கோயிலுக்குள் வழிபாடு மட்டும் நடந்ததென்று எண்ணவேண்டாம். ஊர்க்கதை பேசக் கூடினார்கள், வியாபாரிகள் சாமான் விற்றார்கள், ஒதுங்க இடமில்லாத ஏழைகள் படுத்து எழும்பினார்கள். நகரத்தின் முக்கியமான பத்திரங்கள்கூட அங்கேதான் இருந்தன. இரும்புத் தகடு பொதிந்து நகரச் சின்னம் வரைந்த ஒரு பெட்டியில் அவற்றைப் பூட்டி, இரும்புச் சிற்றாலயம் எனப்பட்ட அறையில் வைத்திருந்தார்கள். நெருப்புக்கும் கலகத்துக்கும் தப்பக்கூடிய இடம் அந்த நாளில் கோயில் ஒன்றுதான். ஆகவே முதல் முந்நூறு வருடத்துக்கு மூப்பர் ஐயாவின் கேள்விக்கு விடை சுலபம். கோயில் ஆயருடையது, கூடவே ஊர் முழுவதினுடையதும்.

1566ல் அந்த விடை உடைந்தது. அந்த வருடம் ஒல்லாந்து முழுக்க, கோயிலில் சுரூபம் வைப்பதே தவறு என்றவர்களின் சுரூப உடைப்பு அலை எழுந்தது. கூட்டம் உள்ளே புகுந்து பீடங்களைத் தகர்த்தது, சுரூபங்களை நொறுக்கியது. முகட்டில் இருந்த ஓவியங்களுக்குக் கை எட்டவில்லை, அதனால் அவை தப்பின. 1578ல் நகர ஆட்சியே கல்வினியர் எனப்பட்ட சீர்திருத்தச் சபையார் கைக்கு மாறியது. கத்தோலிக்கர் தாங்கள் கட்டிய கோயிலை இழந்தார்கள். பாடகர் பகுதிக்கு முன்னால் பிறகு போடப்பட்ட திரைத் தட்டியின் மேல் ஒரு வாசகம் இன்றும் உண்டு. தேவனின் கோயிலுக்குள் மெல்ல மெல்ல நுழைந்த தவறுகள் 78ஆம் ஆண்டில் இங்கே களையப்பட்டன என்பது அதன் சாரம். வென்றவர் எழுதிய வரி. வென்றவர்கள் கோயிலில் படுத்திருந்த ஏழைகளையும் வெளியே அனுப்பினார்கள். சுவர்கள் வெறுமையாயின. இன்று கலைஞர்கள் "என்ன அருமையான வெளி" என்று வியப்பது அந்த உடைப்பு விட்டுச்சென்ற வெறுமையைத்தான். அதை அறியாமல் அந்தக் கட்டடத்தை ரசிக்க என்னால் முடிவதில்லை.

கோயிலை இழந்த கத்தோலிக்கர் வீடுகளுக்குள் ஒளித்துக் கும்பிட்டார்கள். பழைய கோயிலிலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில், கால்வாய்க் கரை வீடொன்றின் மேல்மாடத்தில், 1663ல் ஒரு முழுக் கோயிலையே மறைவாக அமைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு, உள்ளே பீடமும் மாடங்களும். நகர ஆட்சி அதை அறிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டது. 1888ல் அது அருங்காட்சியகமானது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

அதே காலத்தில் இலங்கையில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1658ல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இங்கே ஒரு கட்டளை போட்டது. கத்தோலிக்கக் குருக்களுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. சொந்த ஊரில் மேல்மாடக் கோயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டவர்கள், கடல் கடந்து வந்த இடத்தில் உயிரைக் கேட்டார்கள். 1687ல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் குருவுடை அணியாமல், கூலியாளைப்போல், வெறுங்காலோடு நுழைந்தது அந்தக் கட்டளையால்தான். 2015ல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது எங்கள் பங்குகளில் நன்றிப் பூசை வைத்தோம். அவர் யாருக்கு ஒளித்து நடந்தார் என்ற கதையின் மறுமுனை அம்ஸ்டர்டாமில் இருக்கிறது.

சரி, கலை எப்போது உள்ளே வந்தது? அந்தக் கதையை, சமகாலக் கலைஞர்களை அழைக்கத் தொடங்கிய 2012ல் தொடங்குவது வழக்கம். நான் 1578க்கு அடுத்த நாட்களில் தொடங்குவேன், ஓர்கன் வாசித்த ஒரு மனிதரிலிருந்து.

யான் பீட்டர்சோன் சுவேலிங்க் என்பது அவர் பெயர். தகப்பனும் அதே கோயிலில் ஓர்கன் வாசித்தவர். மகன் பதினைந்து வயதையொட்டி வாத்தியத்தில் அமர்ந்து 1621ல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கும் மேலாக, அங்கேயே இருந்தார். பிறகு அவருடைய மகன் அமர்ந்தார். இடையில்தான் கோயில் கைமாறியது. கல்வினியருக்கு ஆராதனைக்குள் ஓர்கன் ஆகாது. சங்கீதங்களை வெறும் குரலில் பாடவேண்டும், வாத்தியம் மனதைத் திருப்பிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அப்படியானால் வாத்தியத்தையும் வாசிப்பவரையும் என்ன செய்வது? நகரசபை அவரைத் தன் சம்பளத்தில் வைத்துக்கொண்டது. ஆராதனைக்கு வெளியே, தினமும் காலையில் ஒரு மணிநேரம், மாலையில் ஒரு மணிநேரம், ஊர்ச் சனம் கேட்க வாசிப்பது அவர் வேலை. சனம் வந்தது. வேலைக்குப் போகிறவர், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர், குளிருக்கு ஒதுங்கியவர் எல்லோரும் நின்று கேட்டார்கள். ஜெர்மனியிலிருந்து மாணவர்கள் வந்து அவரிடம் பயின்று தங்கள் ஊர்களுக்குப் பெரிய ஓர்கன் கலைஞர்களாகத் திரும்பினார்கள். தாவீதின் 150 சங்கீதங்களுக்கும் அவர் குரலிசை அமைத்தார். இறந்தபின் அந்தத் தரையிலேயே அடக்கம் செய்தார்கள்.

இந்த ஏற்பாட்டை நன்றாகக் கவனிக்கவேண்டும். கட்டடத்துக்கும் வாத்தியத்துக்கும் பணம் நகரசபையினுடையது. வழிபாடு சபையினுடையது. இரண்டும் ஒரே கூரையின் கீழ், வேறு வேறு மணித்தியாலங்களில். ஞாயிறு ஆராதனை, மற்ற நேரம் கலை என்ற இன்றைய ஒழுங்கு நானூறு வருடத்துக்கு முன்னரே அங்கே நடைமுறையில் இருந்திருக்கிறது. 2012ல் வந்தவர்கள் புதிய வாசல் ஒன்றையும் உடைக்கவில்லை. சுவேலிங்க் தினமும் போய்வந்த வாசலால்தான் வந்தார்கள்.

இனித் தரை. அந்தக் கோயிலில் நடப்பதென்றால் கல்லறைகளின் மேல் நடப்பது. புதைகாட்டு மேட்டில் எழுந்ததால் ஆதி முதலே அப்படி. ஏறக்குறைய 2,500 கல்லறைக் கற்களின் கீழ் 10,000 பேர்வரை கிடக்கிறார்கள். கடைசி அடக்கம் 1865 அளவில். காலியில் ஒல்லாந்தர் கட்டிய பெரிய கோயிலுக்குப் போனவர்கள் தரையிலும் சுவரிலும் கற்களைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தின் தாயூர் இதுதான். மிதிபட்டு மிதிபட்டு எழுத்துகள் மழுங்கிய கற்களும் உண்டு, நேற்றுக் கொத்தியதுபோல் கூராக நிற்பவையும் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து பழகிய எங்களுக்கு, சப்பாத்துக் காலோடு பெயர்களை மிதித்து நடப்பது நெஞ்சில் ஏதோ செய்யும்.

ஓவியர் ரெம்பிராண்ட் 1634ல் தன் திருமணத்தைப் பதிந்தது இந்தக் கோயிலில்தான். மனைவி சஸ்கியாவை 1642ல் இதே தரையில் அடக்கம் செய்தார். பின்னர் கடன்பட்டு நொடிந்துபோய் 1662ல் அந்தக் கல்லறையையே விற்கவேண்டி வந்தது. மனைவி கிடக்கும் குழியை விற்ற கலைஞனை நினைக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது. வருடத்தில் மார்ச் 9ஆம் திகதி காலை 8.39க்கு யன்னலால் வரும் வெயில் சரியாக அந்தக் கல்லின்மேல் விழும். அதைப் பார்க்கவென்றே சனம் கூடும்.

கடற்படைத் தளபதி யாகோப் வான் ஹேம்ஸ்கெர்க்கின் நினைவுச் சின்னமும் அங்கே உண்டு. 1596ல் வடதுருவத்தை ஒட்டிக் கீழைத்தேசத்துக்கு வழி தேடப் போய்ப் பனியில் அகப்பட்டவர். 1603ல் சிங்கப்பூர்ப் பக்கத்தில் போர்த்துக்கேயரின் பெரிய சரக்குக் கப்பலைப் பிடித்தவர். 1607ல் ஜிப்ரால்டரில் ஸ்பானியருடன் மோதி இறந்தவர். கிழக்கிந்தியக் கம்பனி 1602ல் தொடங்கியபோது அதன் மூலதனத்தில் அரைவாசிக்கும் மேல் அம்ஸ்டர்டாம் நகரத்தில்தான் திரண்டது. வணிகர் மட்டுமில்லை, வீட்டு வேலைக்காரப் பெண்கூடத் தன் சேமிப்பைப் போட்டுப் பங்கு வாங்கிய காலம் அது. அந்த நூற்றாண்டில் அந்த நகரத்தின் செல்வத்தையும் கம்பனியையும் பிரித்துப் பேச முடியாது. நகரத்தின் வசதிபடைத்தவர்கள் காசு கொடுத்து இடம் பிடித்துப் படுத்த தரை இது.

அந்தக் கம்பனிக் காலத்தின் முதல் தடங்களில் சில எங்கள் கரையில் விழுந்தன. 1602 மே மாதக் கடைசியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கினார். அவர் சீலாந்து மாகாணத்திலிருந்து புறப்பட்டவர். இங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னரைச் சந்தித்தார். அவருக்குப் பின் வந்த செபால்ட் டி வீர்ட் 1603ல் மன்னருடன் முரண்பட்டு மட்டக்களப்புப் பகுதியில் கொல்லப்பட்டார். 1628ல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டிய கோட்டையை 1638 மே 18ல் வெஸ்டர்வோல்ட் தலைமையில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் கோட்டை எங்களுடையது. ஐந்து நாள் கழித்து, 23ஆம் திகதி, இரண்டாம் இராசசிங்கனுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் மட்டக்களப்பில்தான். பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல் வைப்பது மன்னர் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை மன்னரின் பிரதியில் இருந்தது, ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினோம் என்று சிங்களத்தில் இதைச் சொல்வார்கள்.

இனி அம்ஸ்டர்டாமுக்குத் திரும்புவோம், வேகமாக. 1951ல் பழைய கோயில் இடிந்துவிழும் ஆபத்தில் மூடப்பட்டது. சபைக்குப் பராமரிக்கச் சக்தி இல்லை. 1955ல் அதற்கென்றே ஓர் அறக்கட்டளை அமைந்தது. அதே ஆண்டில் தொடங்கிய திருத்தவேலை 1979வரை நீண்டது. மூப்பர் ஐயாவின் கேள்விக்கு இன்றைய விடை இதுதான். கோயில் ஓர் அறக்கட்டளையினுடையது. சபை அங்கே ஆராதனை நடத்துகிறது. கட்டடத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு அறக்கட்டளையின் தலையில்.

இதற்குப் பின்னால் ஒல்லாந்துச் சமூகத்தின் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. 2017ல் அந்நாட்டில் சமயம் எதையும் சாராதவர்கள் முதல்முறையாகப் பாதிக்கு மேல், அதாவது 51 வீதம் என்று அரச புள்ளிவிபரம் சொன்னது. ஊர் ஊராகக் கோயில்கள் வெறுமையாகின்றன. சில குடியிருப்பாகின்றன, சில இடிபடுகின்றன. மாஸ்ட்ரிக்ட் நகரில் டொமினிக்கன் சபையாரின் கோயில் ஒன்று பிரெஞ்சுப் படை வந்த 1794இற்குப் பிறகு வழிபாட்டை இழந்து, பல கைமாறி, 2006ல் புத்தகக்கடையானது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் பழைய கோயிலுக்குக் கிடைத்தது நல்ல விதி. அங்கே வழிபாடு நின்றுபோகவில்லை.

2012லிருந்து சமகாலக் கலைஞர்களை அழைக்கத் தொடங்கினார்கள். 2016ல் அருங்காட்சியக அந்தஸ்தும் கிடைத்தது. ஆனால் ஓவியங்களை வரிசையாகத் தொங்கவிடும் இடம் என்று எண்ணவேண்டாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்பதால் நினைத்தபடி ஆணி அடிக்க முடியாது. வெளிச்சம் மணிக்கு மணி மாறும். தூண்களும் கல்லறைகளும் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே கொண்டுவைக்கும் எந்தப் பொருளும் கட்டடத்தின் முன் சிறுத்துப்போகும். அதனால் கலைஞர் முதலில் வந்து பார்க்கவேண்டும், இருந்து கேட்கவேண்டும், பிறகு அந்த இடத்துக்காகவே, அந்த இடத்தையே பொருளாக வைத்து ஒன்றைச் செய்யவேண்டும். வேறிடத்துக்குத் தூக்கிப்போனால் அதற்கு அர்த்தம் குறைந்துவிடும். நிறுவல் கலை என்று நாங்கள் சொல்வதன் நல்ல வடிவம் இது.

2017ல் சாரா வான் சொன்ஸ்பேக் கல்லறைத் தரையைத் தங்க நிற அவசரகாலப் போர்வைகளால் மூடினார். கடலில் மீட்கப்படும் அகதிகளின் தோளில் போர்த்தும் அதே மினுங்கும் தாள். நடப்பவரின் காலடியில் அது சரசரத்தது. அதே வருடக் கடைசியில் கிறிஸ்தியான் பொல்தான்ஸ்கி வந்தார். பழைய உடுப்புகளையும் பெயர்களையும் கொண்டு இறந்தவர்களின் நினைவைப் பற்றி வாழ்நாள் முழுக்க வேலைசெய்த பிரெஞ்சுக் கலைஞர். பத்தாயிரம் பேர் படுத்திருக்கும் தரை அவருக்காகவே காத்திருந்ததுபோல்.

2018ல் இத்தாலியக் கலைஞர் ஜோர்ஜோ அந்திரெயொத்தா காலோ யன்னல்கள் அனைத்தையும் சிவப்பால் மூடினார். கோயில் முழுதும் சிவந்த ஒளியில் ஊறியது. கோயிலைச் சுற்றியிருப்பது அம்ஸ்டர்டாமின் பிரபலமான சிவப்பு விளக்குப் பகுதி. பழைய புகைப்படம் கழுவும் இருட்டறையின் வெளிச்சமும் சிவப்பு. சுரூப உடைப்பில் சிந்தியதையும் சிலர் அதில் கண்டார்கள். அந்த வேலைக்கு அவர் வைத்த பெயர் அனஸ்தாசிஸ், கிரேக்கத்தில் உயிர்ப்பு. ஒரு சிற்றாலயத்தின் யன்னலை நிரந்தரமாகவே சிவப்புக் கண்ணாடியாக்கப் போனபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. நினைவுச்சின்னத்தைக் கெடுக்கிறீர்கள் என்றார்கள் பாதுகாப்பு ஆர்வலர்கள். எங்கள் வழிபாட்டு இடத்தின் ஒளியை யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்ற வலியும் அதில் இருந்தது. அந்த வலியை நான் மதிக்கிறேன். செபிக்கிறவனுக்கு யன்னல் வெளிச்சமும் செபத்தின் ஒரு பங்கு. சில மாதத்துக்கு ஒளியை மாற்றுவது விருந்தாளியின் உரிமை, நிரந்தரமாக மாற்றுவது வீட்டுக்காரரின் உரிமை என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உயிர்ப்பு என்ற பெயரில் சிவந்துபோன ஒரு கோயிலின் படத்தை மட்டக்களப்பில் இருந்துகொண்டு நான் பார்த்தது 2019க்குப் பிறகு. அந்த ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் கொல்லப்பட்ட ஊர் இது. காலோ எங்களை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் படத்தை நெடுநேரம் பார்க்க என்னால் முடியவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது 2022ல் நடந்த வேலை. கானா நாட்டுக் கலைஞர் இப்ராஹிம் மஹாமாவைப் பழைய கோயிலுக்கு அழைத்தார்கள். சாக்குப் பைகளைத் தைத்துப் பெரிய கட்டடங்களையே போர்த்தியவர் என்று உலகம் அறிந்தவர். இங்கே அவர் சாக்கைக் கொண்டுவரவில்லை. கானாக் கரையில் ஒல்லாந்தர் ஆண்ட பழைய கோட்டைகளின் வெடித்த தரைகளை அச்செடுத்தார். பழைய கோயிலின் கல்லறைக் கற்களையும் அச்செடுத்தார். இரண்டையும் வார்ப்புகளாக்கிக் கோயில் தரையில் கலந்து வைத்தார். 'தழும்புகளின் தோட்டம்' என்ற பொருளில் அதற்குப் பெயர். ஒருபக்கம் வணிகரின் பெயர் பொறித்த கல், பக்கத்தில் அடிமைகள் அடைபட்ட கோட்டையின் வெடிப்பு. இரண்டும் ஒரே தரையில் கிடந்தன. பார்வையாளர் நடுவில் நடந்தார்கள்.

அந்தக் கோட்டைகளில் பெயர்பெற்றது எல்மினா. போர்த்துக்கேயர் 1482ல் கட்டியது. ஒல்லாந்தர் பிடித்தது 1637ல். மட்டக்களப்புக்கு ஒரு வருடத்துக்கும் சற்றுக் குறைவாக முந்தி. அங்கே மேற்கிந்தியக் கம்பனி, இங்கே கிழக்கிந்தியக் கம்பனி. இரண்டு இடத்திலும் போர்த்துக்கேயரின் சுவருக்குள் ஒல்லாந்தர் புகுந்து உட்கார்ந்தார்கள். எல்மினாவை 1872ல் ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள். எங்களுடையதை 1795ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அண்ணன் தம்பிபோல் இரண்டு கோட்டைகள், ஒன்றையொன்று பார்த்ததில்லை.

எங்கள் கோட்டையை எங்களுக்கு எப்படித் தெரியும்? கச்சேரியாக, அதாவது அரச அலுவலகமாகத் தெரியும். இரண்டு பக்கம் வாவித் தண்ணீர், நான்கு மூலையில் கொத்தளம், நடுவில் நெடுங்காலம் மாவட்ட நிர்வாகம். காணி அலுவலுக்கும் கையெழுத்துக்கும் வெயிலில் வரிசையில் நின்றவர்கள் அந்தச் சுவரில்தான் சாய்ந்தார்கள். நானும் சாய்ந்திருக்கிறேன். கை வைத்தால் சுண்ணாம்பு உதிரும், கல்லின் இடுக்கில் பாசி, எங்கேயோ ஓர் ஆலங்கன்று வேர்விட்டிருக்கும். அம்ஸ்டர்டாமில் கோயில் நகரத்தின் பத்திரங்களைக் காத்தது. இங்கே கோட்டை எங்கள் பத்திரங்களைக் காத்தது. அந்தச் சுவரையோ தரையையோ ஒரு கலைஞர் மஹாமாவைப்போல் தொட்டு அச்செடுத்தால் என்ன தெரியும் என்று நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை படிக்கும் பிள்ளைகளுக்குக் கோட்டை பாலம் தாண்டினால் எட்டும் தூரம்.

கோயிலில் கலை என்றால் எங்கள் பக்கம் அது புதுச் சங்கதியும் இல்லை. கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசியில் கதவு திறந்தால் குளிர்த்திச் சடங்குவரை பாட்டும் காவியமும்தான். வசந்தன் கூத்து ஆடுவது கோயில் முன்றலில். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, ஆடுகளமான களரி போடும்போது ஊர்க் கோயிலை நினைத்தே போடுவார்கள். வித்தியாசம் எங்கே என்றால், எங்கள் கலை வழிபாட்டு நாட்காட்டிக்குள் நடக்கிறது, ஆடுகிறவரும் கும்பிடுகிறவரும் ஒரே ஆள். அம்ஸ்டர்டாமில் சபை ஒரு பக்கம், கலைஞர் ஒரு பக்கம், இரண்டுபேரும் ஒரு கூரையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதனால் அங்கே கேட்டுச் செய்யவேண்டியிருக்கிறது, பிணக்குப்படவேண்டியிருக்கிறது, பேசித் தீர்க்கவேண்டியிருக்கிறது. எங்கள் கோயில்கள் சனத்தால் நிறைந்திருக்கின்றன, அவற்றைக் கலைக்கூடமாக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கவேண்டியது கோட்டையைப் பற்றி.

இதையெல்லாம் அன்றைக்கே மூப்பர் ஐயாவிடம் சுருக்கிச் சொன்னேன். கல்லறைத் தரை என்றதும் நிமிர்ந்தார். "பேரை மிதிச்சுக்கிட்டா நடக்கிறாங்க?" என்றார். பிறகு ஒதுக்கிய வாங்குகளைத் திரும்பப் போடக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு முனையாய்ப் பிடித்தோம். வாங்கின் முதுகில் வெள்ளைப் பெயின்ரால் எழுதிய எழுத்து, எங்கள் கோயில்களில் எல்லா வாங்கிலும் இருப்பதுபோல். இன்னாரின் ஞாபகார்த்தமாக, இன்ன குடும்பத்தார். சின்ன வயதிலிருந்து அந்த எழுத்தில் முதுகைச் சாய்த்திருக்கிறேன், ஒருநாளும் வாசித்ததில்லை.

மூன்றாவது வரிசை வாங்கில் எழுத்து பாதிக்கு மேல் அழிந்திருந்தது. மரம் நல்ல வைரம், பொருத்து இன்னும் இறுகியே நின்றது. "டச்பார்ப் பறங்கி ஆக்கள் செஞ்சு குடுத்தது" என்றார். "நல்ல தச்சுவேலைக்காரர். சுனாமிக்குப் பிறகு அந்த வீட்டில ஒருத்தரும் இல்ல." டச்பார், ஒல்லாந்தரின் பெயரைச் சுமக்கும் கடற்கரை. அங்கே வாழ்ந்த, ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீட்டில் பேசியது போர்த்துக்கேயக் கலப்பு மொழி, கும்பிட்டது ஒல்லாந்தர் தடைசெய்த கத்தோலிக்கம்.

அவர் தோளிலிருந்த துவாயால் அந்த எழுத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. வாங்கைச் சுவரோடு போடாமல், பீடத்துக்கு நேரே, நடு வரிசையில் போடச் சொன்னார்.